கட்டைவிரல்

ஸ்கார்பரோவிலிருந்து டொபர்மரிக்கு
நாலு மணித்தியாலம்.
ரேடியோ பேசியது. ஜி.பி.எஸ் பேசியது.
நானும் அக்காவும் பேசவில்லை.

படகில் ரெண்டு இடம் பதிந்தது அவள்தான், போன ஐப்பசியில்,
என் ட்ரக் கடனுக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று
சொல்வதற்கு இரண்டு கிழமை முன்பு.
காசு திருப்பித் தரமாட்டார்களாம்.
அதனால் வந்தோம்.

ரப்பர் உடுப்புக்குள் என்னைத் திணித்துவிட்டு
முதுகில் எட்டாத சிப்போடு நான் மல்லுக்கட்ட,
பின்னால் வந்து இழுத்துவிட்டாள்.
கழுத்துத் தோலும் கொஞ்சம் மாட்டியது.
வேணுமென்று செய்தாளோ தெரியாது.

ஜூலை. ஆனால் அந்தத் தண்ணீர்
இன்னும் மார்கழியை விட்டு வரவில்லை.
நெற்றியில் ஆணி இறங்கியது.
கயிற்றைப் பிடித்துப் பிடித்துக் கீழே போனோம்.
பச்சை, இன்னும் பச்சை,
பிறகு சட்டென்று
ஒரு சுவர்.

கப்பல்.

நன்னீர். மரம் தின்னும் புழுவுக்கு இங்கே வேலையில்லை.
நூறு வருசத்துக்கு மேல் ஆகியும்
பலகையில் உளி பட்ட இடம் தெரிந்தது.
கழுவாத சட்டியில் பருக்கை ஒட்டியதுபோல்
எங்கும் குட்டிச் சிப்பிகள்.
மேல்தளத்து ஓட்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தால்
ஓர் இரும்பு அடுப்பு.
அடுப்பின் வாயிலிருந்து ஒரு கொழுத்த மீன்
வாடகை கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தது.

சந்தோசம் தாங்காமல் அக்கா பக்கம் திரும்பிக்
கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

வகுப்பில் பத்துத் தரம் சொன்னார்கள்:
தண்ணீருக்குக் கீழே அது 'சூப்பர்' இல்லை.
'மேலே போவோம், இப்பவே.'
காரணம் கேட்கக்கூடாது.

அவள் கேட்கவில்லை.
தன் விரலையும் தூக்கினாள். என் தோள்பட்டியை இறுக்கிப் பிடித்தாள்.

ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நிற்கவேண்டும்.
வேறெங்கும் பார்க்க இடமில்லை.
கண்ணாடிக்குள் அவள் கண் பெரிதாக,
என் மானி, என் முகம், என் மானி.
கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே சைகை, விரலால் ஒரு வட்டம்.
கேட்டாள். காட்டினேன். நம்பவில்லை. திரும்பக் கேட்டாள்.
'நீ சொன்னது சரி, ட்ரக்கை வங்கி கொண்டுபோய்விட்டது'
என்பதற்கு ஒரு சைகை தேடினேன்.
பாடத்தில் இல்லை.

"என்னடா, காத்து வரேல்லையே?"
"இல்லை... அடுப்பு... மீன்... நல்லாயிருக்கெண்டு..."

வாய்க்குழாயைத் துப்பிவிட்டுத் தொடங்கினாள்.
மடையன், அறிவில்லாதவன்,
கடன், வட்டி, என் கலியாணம், அவளுடைய தூக்கமில்லாத இரவுகள்,
எட்டு மாதமும் ஒரே மூச்சில்.
படகுக்காரன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு
வேறு பக்கம் பார்த்தான்.

பின்பக்கம் பார்க்கவேயில்லை. சுக்கான் அங்கே அப்படியே இருக்கிறதாம்.

"ரெண்டு மணிக்கு இன்னொருக்கால் இறக்குவினமாம். வாறியா?"
பொட்டலத்தைப் பிரித்து ஒரு கட்லட் நீட்டினாள்.
வாய் நிறைய உருளைக்கிழங்கு.
கை தன்பாட்டில்
கட்டைவிரலைத் தூக்கியது.

அடி விழுந்தது.