ஐந்து சென்டிமீட்டர்

பிர்னோ நகரில் நான்காம் மாடி.
குளியல்தொட்டி மேல் ஒரு பலகை,
பலகை மேல் ஓர் ஊர்.

வெள்ளிக்கிழமை நான் குளிக்கவேண்டுமென்றால்
ரதோவான் ஊரைத் தூக்கிக்
கூடத்துச் சுவரில் சாய்ப்பான்.
சரியாக ஒட்டாத பயணி ஒருத்தி
சோப்புக் கிண்ணத்தில் கிடந்தாள் ஒருமுறை,
கைப்பெட்டியை விடாமல்.

மூன்று வாரமாய் வளைவோடு மல்லுக்கட்டு.
அது அறுபத்தைந்து கேட்கிறது;
பலகை அறுபதுதான்.
இறுக்கினால் எஞ்சின் குப்புற விழுகிறது.

ஊரைச் சுருக்கு, தேவாலயத்தை எடு என்றேன்.
ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார்கள்
என்றான், நகராட்சித் தலைவர் முகத்தோடு.

நேற்று அவனுக்கு இரவு வேலை.
சுவரைத் தட்டிப் பார்த்தேன்.
வெறும் அட்டை. அந்தப் பக்கம்
என் கோட்டுகள் தொங்கும் அலமாரி.
ரொட்டிக் கத்தி போதுமானதாக இருந்தது.

காலையில் ரயில் சுவருக்குள் போயிற்று.
ஒன்று.
இரண்டு.
ரதோவான் மூச்சே விடவில்லை.
மூன்றில் வெளியே வந்தது
முன்விளக்கில் சிக்கிய சிவப்பு நூலோடு.

என்னிடம் இருந்த ஒரே நல்ல கோட்டு அது.
இன்னொரு சுற்று விடு, என்றேன்.