ஏழு வரைக்கும்தான்

டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில்
எனக்குப் பேர் இல்லை. அரைப்பேர்கூட இல்லை.
செக்ரோலில் கோடு விழும்.
மாசத்துக்கு இரண்டு, சில மாசம் மூன்று.

டிலுக்சிக்கு நாலு வயசு முடிந்துவிட்டது.
பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள்.
பஸ்ஸில் ஏறினால் மட்டும்
அட்டன் அட்டன் அட்டன் என்பாள்,
கண்டக்டர் குரலிலேயே, மூக்கால்.
இறங்கி வந்த பிறகும் லயத்துக் கோடியில் நின்று
அட்டன் அட்டன்.
பக்கத்துக் காம்பராப் பையன்கள்
ஓடிவந்து ஏறுவதுபோல் நடிப்பார்கள்.
அவள் அவர்களைப் பார்க்கமாட்டாள்.
டிக்கட்டும் கேட்கமாட்டாள்.

வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னாள் புஷ்பகாந்தி.
பேர் சொல்லாததைத் தடவினால்
பிள்ளை பேர் சொல்லுமாம்.
தடவினேன். பொய் சொல்வானேன்.
கொழும்புக் கடையிலிருந்து அவர்,
"போனை அது கையில குடு,
கார்ட்டூன் பார்த்துப் பழகட்டும்" என்றார்.
அதுவும் செய்தேன்.

மிஸ் பேர் உதாரி. கண்டிப் பக்கம்.
அவர் தமிழும் என் சிங்களமும்
மேசைக்கு நடுவே தடவித் தடவி நடந்தன.
"நெறய கதைக்க வேணாம் அம்மா.
அவ எதப் பாக்கிறாவோ அதுக்கு ஒரு சொல்.
பிறகு சும்மா இருங்க.
மனசுக்குள்ள பத்து எண்ணுங்க."
கேள்வியைக் குறைக்கச் சொன்னார்.
அன்றைக்குத்தான் யோசித்தேன்:
நான் அவளோடு பேசியதெல்லாம் கேள்விதான்.
இது என்ன, அது யாரு, அம்மா எங்க,
சொல்லு, சொல்லேன், சொல்லித் தொலையேன்.

அவளுக்குப் பிடித்தது தண்ணீர்.
எந்தக் குளிரிலும் பீலியடியில்
கையை நீட்டிக்கொண்டு நிற்பாள்.
மலையிலிருந்து இறங்கியதும்
பீலி வாயை உள்ளங்கையால் அடைத்தேன்.
கறை ஏறிய விரல் இடுக்குகளில் பீய்ச்சியடித்தது.
"தண்ணி."
ஒன்று, இரண்டு.
என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.
அதுவும் பேச்சுதான் என்று மிஸ் சொல்லியிருந்தார்.
மூன்று, நாலு.
பின்னால் வாளிகள் வரிசையில்.
"வெளையாட்டுக் காட்ட இதுவா நேரம்?"
அந்நேரம் கை மரத்துவிடும்.
பத்துவரை நான் போனதேயில்லை.
மனசுக்குள் எண்ணவும் எனக்கு வராது,
வாய் முணுமுணுத்துவிடும்.

ஆடி போனது. ஆவணி, புரட்டாசி.
அடைப்பேன், தண்ணி என்பேன், எண்ணுவேன், எடுப்பேன்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். பனிமூட்டம்.
பின்னால் வாளி ஒன்றுமில்லை.
நாலு. ஐந்து. ஆறு.
எனக்கு இருமல் வந்துவிட்டது.
"ஏலு" என்றது ஒரு குரல்.

என் முகத்தைப் பார்க்கவில்லை.
பீலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மறுபடியும், ஏலு.
கையை எடுத்தேன்.
என் சேலை முழுக்க நனைந்தது.

ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன்.
ஒவ்வொரு நாளும் ஏழில்தான் விட்டிருக்கிறேன்.
மிஸ்ஸுக்குத் தெரியாத என் கள்ளத்தை
இவள் பிடித்துவிட்டாள்.
தண்ணி என்பது நான் சொல்லும் சொல்.
தண்ணியைத் திறக்கும் சொல் ஏழு.

இப்போது சோற்றுக்கும் ஏலு.
கதவுக்கும் ஏலு, பவுடர் டப்பா மூடிக்கும்.
லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேர்
ஏலு என்று சொல்லித்தான் பீலியில் கை வைக்கிறார்கள்.

"ஏலும்னா சொல்றா?" மிஸ் பேனாவை வைத்துவிட்டார்.
"இல்ல மிஸ். ஏழு."
விரல்களை விரித்துக் காட்டினேன்.
உண்மையையும் சொன்னேன், பத்துவரை எண்ணாததை.
சிரித்தார். கோபிப்பார் என்று நினைத்திருந்தேன்.
"திருத்த வேணாம். பக்கத்தில இன்னொண்ணு வைங்க.
ஏழு தண்ணி. ஏழு கதவு."
ஃபைலில் சிங்களத்தில் எழுதினார்.
ஏழு என்றா, ஏலும் என்றா, நான் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள்.
அட்டன் அட்டன் அட்டன்.
நானும் ஒரு தரம், அட்டன் என்றேன்.
பிறகு எண்ணத் தொடங்கினேன்,
இந்தத் தரம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு.
ஏழு தாண்டியது.
எட்டில் கண்டக்டர் வந்து
காசு கேட்டார்.