கைப்பிடி இல்லாதது

பீடோர் கிளினிக்கில் ஒரு தாள் தந்தார்கள்.
கடந்த இரண்டு வாரத்தில்
எதிலும் நாட்டமில்லாமல் இருந்தது எத்தனை நாள்?
சுழியம், ஒன்று, இரண்டு, மூன்று.
வட்டமிடச் சொன்னார் மிஸ்ஸி ரொஸ்னா.
எல்லா மூன்றையும் வட்டமிட்டேன்.
வட்டங்கள் நன்றாக வந்திருந்தன.
அதைத்தான் முதலில் கவனித்தேன்.

இரவில் ஒரு மாத்திரை.
கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார்.
கையுறைத் தொழிற்சாலையில்
ஒரு ஷிஃப்டுக்குப் பதினோராயிரம் கைகளை
எண்ணிப் பெட்டியில் போடுகிறேன் மிஸ்ஸி,
என் கை சும்மாவா இருக்கிறது?
கேட்கவில்லை.
மலாயில் அந்த வாக்கியம் எனக்குப் பாதிதான் வந்தது.

ஆ கியோங் கடையில்
பிளாஸ்டிக் வாளிகளுக்குப் பின்னால் தொங்கியது
ஒயர்க் கட்டு. மயில்நீலம். ஒன்பது வெள்ளி.
நான் போனது மீன் வாங்க.

கைப்பேசியில் திண்டிவனத்துப் பெண் ஒருத்தி,
முகம் கிடையாது, பத்து விரல் மட்டும்,
நெல்லிக்காய் முடிச்சு போட்டுக் காட்டினாள்.
நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, நிறுத்தி,
பதினேழாவது தடவை
ஒரு நெல்லிக்காய் காய்த்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு
செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போகும்.
ஜன்னல் கண்ணாடி அதிரும்.
முன்பெல்லாம் ஒவ்வொரு லாரியும்
என் மேல் ஏறித்தான் போகும்.
இப்போது மேலே, கீழே, உள்ளே, இழு.
லாரி அதுபாட்டுக்குப் போனது.

முதல் கூடை கோணல்.
வெங்காயம் போட்டால்
ஒரு பக்கம் சாய்ந்து சலாம் வைத்தது.
சிரித்துவிட்டேன்.
ஆளில்லாத சமையலறையில் தனியாகச் சிரிப்பது
நோய் முற்றியதா குறைந்ததா?
தாளில் அந்தக் கேள்வி இல்லை.

ஐந்தாவது கூடை நாத்தனார் புஷ்பராணி கண்ணில் பட்டது.
மகள் கல்யாணம். தாம்பூலம் போட்டுக் கொடுக்க அறுபது.
ஒன்றுக்குப் பன்னிரண்டு வெள்ளி.
"சும்மாதானே பின்னுறீங்க அண்ணி, காசாவது வரட்டுமே."
ஒரே நிறம், ஒரே உயரம், இரட்டை இழைக் கைப்பிடி.
சரி என்றேன்.
இல்லை என்பது எனக்கு
எந்த மொழியிலும் பாதிதான் வரும்.

முப்பத்து நான்காவது கூடையில்
லாரிகள் திரும்பி வந்தன.
விரல் நுனி வெடித்து, ரசத்தில் உப்புப் போடவே எரிந்தது.
சுவரோரம் கூடைகள்
தோட்டத்தில் பெரட்டுக்கு நிற்பவர்கள்போல் நின்றன.
பேர் கூப்பிடுவதும் நான்.
வரிசையில் நிற்பதும் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை போன் போட்டேன்.
முப்பத்து நாலு இருக்கு,
மிச்சத்துக்குக் காகிதப் பை வாங்கிக்க.
அந்தப் பக்கம் டிவி மட்டும் பேசியது.
பிறகு, "என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?"
சரியாத்தான் இருக்கு. அதனாலதான்.
முழு வாக்கியம்.
வைத்த பிறகு கை நடுங்கியது.
மைலோ கலக்கி இரண்டு டம்ளர் குடித்தேன்.

கல்யாணத்தில் அவள் என் பக்கம் திரும்பவில்லை.
கூடை வாங்கியவர்களும் பை வாங்கியவர்களும்
அதே தேங்காயையும் அதே இரண்டு வெற்றிலையையும்
காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மீந்த ஒயரில் நேற்று உட்கார்ந்தேன்.
மயில்நீலம், நடுவே ஒரு வரி ஆரஞ்சு,
அப்புறம் வெள்ளை, ஏனென்று கேட்காமல்.
உள்ளங்கை அளவு.
கைப்பிடி வைக்கவில்லை,
யாரும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.
எதுக்கும்மா இது என்றான் கவினேஸ்.
கிளினிக் அட்டையை உள்ளே நிறுத்திப் பார்த்தேன்,
நீட்டிக்கொண்டு நின்றது. எடுத்துவிட்டேன்.
மாத்திரையை வைத்தேன்.
அதையும் எடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி அந்தத் தாள்.
தூக்கத்துக்கு இரண்டு போடலாம்.
நாட்டத்துக்கு என்ன போடுவதென்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

காலிக் கூடை ஜன்னலில் இருக்கிறது.
லாரி ஒன்று போகிறது.
கண்ணாடி அதிர,
கூடை ஒரு விரற்கடை நகர்ந்து
நிற்கிறது.