இரண்டாம் சாவி

உருளைக்கிழங்குக் கிடங்கின் கதவை
ஓஸ்மோ காலால் உதைத்துத் திறக்கிறார்.
"ஆறு மாத வாடகை தீர்ந்தது.
கிழங்கு வாசனை இலவசம்."

ஹில்க்கா சிரிக்கவில்லை.
பாட்டரி கனக்கிறது.
குளிர்காலம் முழுக்க அது அவள் வீட்டு
சௌனா முன்னறையில், துண்டு அலமாரிக்கடியில்,
பச்சைக் கண் சிமிட்டிக்கொண்டு கிடந்தது.
குளிக்க வந்தவர்கள் கேட்டார்கள்.
அவள் சொல்லவில்லை.

போர்வையை உரிக்கிறாள்.
கரும்பச்சை பி.எம்.டபிள்யூ. எம் ஐந்து.
பதினெட்டு வயது. பத்து சிலிண்டர்.
பத்துத் தலை அண்ணனும்
ஆறு மாதம் உறங்கும் தம்பியும்
ஒரே உடம்பில் படுத்ததுபோல்.
எழுப்ப முரசு வேண்டாம், யானை வேண்டாம்,
பத்தாம் எண் ஸ்பானர் போதும்.
எப்போதும் தொலைகிற அது
இன்று கோட்டுப் பையிலேயே இருக்கிறது.

எலி நுழையாதிருக்க
நான்கு புகைக்குழாய்களிலும் அடைத்த இரும்புப் பஞ்சை
இழுக்கிறாள். ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவதைக் காணோம்.
அக்டோபரில் மூன்றுதான் வைத்தேனோ என்று
முழங்காலிட்டு யோசிக்கிறாள்.
டார்ச். விரல். கடைசியில் ஓஸ்மோவின் அடுப்புக் கொக்கி.
வந்துவிட்டது,
கூடவே பதினொரு சூரியகாந்தி விதைகளும்.

இதை மூடிவைத்த மறுநாள்தான்
அவள் பனிவாரி லாரியில் ஏறினாள்.
விடியல் மூன்று மணிக்கு
வியரெமாவிலிருந்து ஈசல்மிவரை உப்புத் தூவினாள்.
தன் காரைத் தின்னும் உப்பை,
தன் கையால், டன் கணக்கில், சம்பளத்துக்கு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை
இந்தச் சக்கர வளைவுகளின் துரு
வேறு மாதிரிக் கடைப்பிடிக்கிறது.
நல்ல மழை இரண்டு பெய்து
சாலை கழுவப்படும்வரை காத்திருந்தாள்.

வழக்கமான சாவி இல்லை.
மார்ச்சில் லாரிப் படியில் வழுக்கியபோது
பனிக்குள் போனது.
வாங்கிய நாளிலிருந்து உறை பிரிக்காத
இரண்டாம் சாவியைச் செருகுகிறாள்.

இருக்கை பின்னால் நகர்கிறது.
அவளைக் கேட்காமல்.
ஸ்டியரிங் விலகி எழுகிறது.
கண்ணாடிகள் வேறு யாருடைய கண்களையோ தேடித் திரும்புகின்றன.
பெடலுக்கு எட்டாமல் கால் தொங்க
ஹில்க்கா அசையாமல் இருக்கிறாள்.

குவோப்பியோ பல் வைத்தியர், வைனியோ.
ஏலத்தில் எடுத்தது, ஆளைப் பார்த்ததில்லை.
இப்போது பார்க்கிறாள்.
ஆறடி மூன்றங்குலம்.
முதுகை நன்றாகச் சாய்த்து உட்காருகிறவர்.
வலக் கண்ணாடியை மட்டும்
சாலையைப் பார்க்காமல், பின்சக்கரத்தைப் பார்க்கும்படி
கீழே தாழ்த்தி வைத்திருக்கிறவர்.
அந்தச் சக்கரத்தில்தான் அந்தக் கீறல்,
மூன்று வருடமாக அவள் திட்டிய கீறல்.
ஒருமுறை நடைபாதைக் கல்லில் உரசிவிட்டு
பிறகு ஒவ்வொரு முறையும் பயந்திருக்கிறார், பாவம்.

இருக்கையை முன்னால் இழுக்கிறாள்.
தன்னை இரண்டாம் பொத்தானில் பதிகிறாள்.
ஒன்றை அழிக்கலாம்.
மறந்துவிட்டேன் என்று
பிறகு சொல்லிக்கொள்வாள்.

முதல் திருப்பில் ஒன்றுமில்லை.
இரண்டாவதில், கிடங்கின் தகரம் முழுக்க அதிர்கிறது.
ஓஸ்மோ வாயசைக்கிறார்.
"என்ன?"
மறுபடி அசைக்கிறார்.

எண்ணெய் சூடாகும்வரை
மீட்டரின் ஓரத்தில் மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரியும்.
சூடேற ஏற ஒவ்வொன்றாக அணையும்.
அதுவரை அழுத்தக் கூடாது.
ஆறு மாதம் நின்றே கிடந்து
ஓரம் தட்டையான டயர்கள்
தட், தட், தட் என்று நொண்டுகின்றன.
பிரேக் துருவை உரித்து முனகுகிறது.
பள்ளிப் பேருந்து முந்திப் போகிறது.
பின் ஜன்னலில் ஒரு பையன்
கட்டைவிரலைக் கீழே காட்டுகிறான்.

கடைசி விளக்கும் அணைந்து நேரமாகிறது.
ஐந்நூற்று ஏழு குதிரைகளையும்
நாற்பதிலேயே நடத்திக்கொண்டு,
தான் தூவிய உப்பு வெளுத்த ஓடையோரமாக,
அழுக்குப் பனி விலகும் இடமெல்லாம்
எட்டிப் பார்த்தபடி போகிறாள்,
எங்காவது மினுங்குகிறதா
முதல் சாவி.