நாற்பது வரை

உச்சிப்புளி ரயில்வே கேட்டுக்குப் பின்னால்
சீனி அசனாரின் தகரக் கொட்டகை.
அதில் என் பங்குக்கு
ஒரு சிமெண்டுத் தொட்டி, ஒரு டியூப்லைட்,
சிவப்பு மெழுகுக் குச்சி ஒன்று.

எல்லா வாயையும் அடைத்து
ஒன்றில் மட்டும் காற்றுக்குழாய் சொருகி
ரேடியேட்டரைத் தண்ணீருக்குள் அமுக்குவேன்.
ஒன்றரைக் கிலோ காற்று.
பிறகு எண்ண வேண்டும், நாற்பது வரை.
குமிழி வந்தால் வந்த இடத்தில் சிவப்புக் கோடு.
வராவிட்டால் துடைத்துவிட்டு அடுத்தது.

வேலைக்கு எடுத்த அன்று அசனார்
"எண்ணத் தெரியுமா, இருளாயி?" என்றார்.
பதினேழு வருசம் சிங்கிலித் தீவுப் பக்கம்
பாசி எடுத்தவளிடம்.
விரலில் துணி சுற்றிக்கொண்டு
பாறையைப் பிடித்தபடி
நாற்பது வரை கீழே இருப்பேன்.
நாற்பத்தொன்றில் நெஞ்சு உதைக்கும்.
அந்த எண் எனக்கு அப்படி வந்தது.

சந்தியாகு ஈயம் பற்றவைத்தது என்றால்
தூக்கும்போதே தெரிந்துவிடும்
இடது கை மூலையில் ஒழுகும் என்று.
அந்தப் பக்கம் அவருக்கு வெளிச்சம் போதாது.
உப்புக்காற்று ஓங்கி அடித்த மறுநாள்
செம்பில் களிம்பு ஏறியிருக்கும்,
பற்று பிடிக்காது,
என் குச்சி சீக்கிரம் தேயும்.

ஐப்பசியில் ஓசூரிலிருந்து ஒருவர் வந்தார்.
மேசையில் தாள்.
செம்பு இத்தனை, ஈயம் இத்தனை,
கேஸ், கரண்டு, கூலி, லாரி வாடகை.
அவர் தின்ற இறால் எந்த வரியிலும் இல்லை.
உருப்படிக்கு நூற்றெண்பது குறைக்கச் சொன்னார்.
"செம்பு தினமும் ஏறுதே."
"அது உங்க பாடு பாய்."
பேனா முனை மெல்லத் திரும்பி
என் தொட்டியைக் காட்டியது.
"அந்தம்மா ஏன் அவ்வளவு நேரம் பாக்குது?
இருபது போதும்."

அந்தத் தாளில் எனக்கும் ஒரு வரி இருந்தது
அன்றைக்குத்தான் தெரியும்.

இருபதுக்குள் வரும் குமிழி தடியன்,
கூச்சமில்லாமல் வரும், குருடனுக்கும் தெரியும்.
முப்பத்துநாலில் வருவது வேறு.
கடுகளவு. ஒற்றை.
தகட்டோரம் ஒட்டிக்கொண்டு
வரவா என்று கேட்கும்.

நான் இருபதுதான் எண்ணினேன்.
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே
ஒரு மூச்சு இடம் விட்டு.
அசனாருக்குக் காது உண்டு. கேட்டுக்கொண்டிருந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

கோடு விழுந்தவை சுவரோரம் அடுக்கியிருக்கும்,
மாதக் கடைசியில் காணாமல் போகும்.
உருக்கத்தான் போகிறது என்றிருந்தேன்.

ஒரு ராத்திரி வேதாளை தாண்டியதும்
ராக்கப்பன் வேன் இருமிவிட்டு நின்றது.
பதினாலு பேர் இறங்கினோம்.
நண்டுக்கூடைக்காரி அவன் வம்சத்தையே இழுத்தாள்.
பேனட்டைத் தூக்கினான், முகமெல்லாம் ஆவி.
செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தேன்.
இடது கை மூலை.
கறுப்பு பெயிண்ட் அங்கே மட்டும் உரிந்திருந்தது.
மெழுகின் மேல் பெயிண்ட் ஒட்டாது.
அடியில் சிவப்பு, நான் இழுத்தது.

"என்ன வெலைக்கு எடுத்தே?"
"பாதி வெலக்கா. புதுசுன்னுதான் சொன்னாக."
குடிதண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.
மூடியைத் தொடாதே, ஆறட்டும் என்றேன்.
கூடைக்குள் நண்டுகள் பிராண்டிக்கொண்டிருந்தன.
ஆறுகிறவரைக்கும் என்னால்
எதையும் எண்ண முடியவில்லை.

மறுநாள் காலை சந்தியாகுவிடம்
உளியும் சுத்தியும் வாங்கினேன்.
சுவரோரம் பதினொன்று நின்றது.
ஒழுகுகிற மூலையில் உளியை வைத்து
ஒன்றுக்கு ஒரு அடி.
நாலாவதில் அசனார் ஓடிவந்தார்.
"பாதி வெலைக்குப் போற சாமான் புள்ள அது!"
"கிலோ வெலைக்குப் போகட்டும்."

தாளைத் தேடி எடுத்தார்.
பேனாவை உதறினார், எழுதவில்லை, மறுபடி உதறினார்.
என்னை அனுப்பினால் மிச்சம் எவ்வளவு என்றோ
வைத்துக்கொண்டால் நட்டம் எவ்வளவு என்றோ.
எது என்று எனக்குத் தெரியாது.

லாரிக்கு ஏழு உருப்படி பாக்கி.
காற்றைத் திறந்து அமுக்கினேன்.
தண்ணீர் அலைந்து அடங்கியது.

ஒன்று.