எடைக் குறைவு

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும்
மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் பாடுபட்டான் தெனிஸ்.
முதுநகர் கருவாட்டு மண்டியிலிருந்து நேராக வருகிறேன்,
எந்த சோப்புக்கும் நெத்திலி போகாது.

"சாருக்கா மேடம், கிஃப்டா?"
ரெண்டு பேருக்கு. ரெண்டும் பொம்பளை.
உடனே இனிப்பாக ஒன்றை எடுத்து நீட்டினான்,
கழுத்தில் ரோஜாப் படம்.
இருமல் மருந்து வாங்க
மிஷன் வீதி வரை வரவில்லை தம்பி.
கனமாக வேண்டும். கறுப்பாக.
நாக்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிற மாதிரி.

இத்தாலி, கடைசி அலமாரி.
கியாந்தி என்றான்: மெலிசு, புளிப்பு, துடுக்கு.
பரோலோ என்றான்: வெளுத்த நிறத்தைப் பார்த்து ஏமாறாதீங்க,
உள்ளே டானின் கடிக்கும்.
டானின் என்றால்?
விரலைக் குவித்தான், கன்னத்தை உள்ளே இழுத்தான்,
ஈறு உலர்கிற மாதிரி மேடம், எப்படிச் சொல்ல...
துவர்ப்பு என்று சொல்லேன்.
வாழைப்பூ ஆய்கிறவளிடம்
இதற்கா இத்தனை அபிநயம்?

மூன்றாவது, அமரோனே.
ஒன்பதாயிரத்து நானூறு.
விலைக்கு அவனே மன்னிப்புக் கேட்பதுபோல்
துண்டுச்சீட்டை எடுத்துப் படித்தான்:
பறித்த திராட்சையை உடனே பிழிய மாட்டார்கள்,
மூங்கில் தட்டியில் பரப்பி
காற்றோடும் மாடியில் நூறு நாள், நூற்றிருபது நாள்
வாட விடுவார்கள்,
எடையில் நாற்பது சதவீதம் போய்விடும், அதனால்தான் மேடம்...

நிறுத்து.
இதை எனக்கா சொல்கிறாய்?
நூறு கிலோ நெத்திலி கொட்டி
முப்பது கிலோ அள்ளுகிறவள் நான்.
அவர்களுக்கு நூறு அறுபதாகிறது, கொடுத்துவைத்தவர்கள்.
ஆனால் ஒரு மூடுபனி இறங்கினால்? பூசணம் கண்டால்?
நடுராத்திரி எழுந்து டார்ச் அடித்துப் புரட்டிப் போடுகிறவள்
அங்கேயும் ஒருத்தி இருப்பாள்.
தண்ணீரைத்தான் காற்று கொண்டுபோகும்.
போகாமல் நிற்பதற்குத்தான் விலை.

நான் பேரம் பேசாமல் வாங்கிய முதல் பொருள் இது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எண்ணூறு ரூபாய் லாட்ஜில்
அஞ்சலாட்சி காத்திருந்தாள்.
முள்ளோடை தாண்டி ஒரு சொட்டு கொண்டுபோக முடியாது,
பிடித்தால் பேப்பரில் பேர் வரும்.
பத்தொன்பது வருஷக் கூட்டுக் கணக்கை
அன்று மத்தியானம்தான் முடித்திருந்தோம்.
ஐஸ் பெட்டிகள் அவளுக்கு, தராசு எனக்கு.
வராத கடன்களை ஆளுக்குப் பாதி
மறந்துவிடுவதாக ஏற்பாடு.

அறை வெப்பத்தில் குடிக்கணும் என்றிருந்தான் தெனிஸ்.
அது அவர்கள் ஊர் அறை.
இங்கே மின்விசிறிக்கே வியர்க்கிறது.
வாளியில் ஐஸ் வாங்கி இருபது நிமிஷம் நிறுத்தினேன்.
திறந்து ஒரு மணி நேரம் மூச்சு விடட்டும் என்றதை மட்டும் கேட்டோம்.
அந்த ஒரு மணி நேரமும்
போத்தல்தான் மூச்சு விட்டது.

எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியவில்லை.
வாசனை வந்தது:
உலர்ந்த திராட்சை, வறுத்த புளியங்கொட்டை,
வெகுநாள் பூட்டிய மரப்பெட்டியைத் திறந்தாற்போல் ஏதோ.

மீன் மட்டும் கூடாது என்று சொல்லியிருந்தான்.
அஞ்சலாட்சி கைப்பையிலிருந்து
வறுத்த நெத்திலி நாலு எடுத்தாள்.
வாய் முழுக்கத் துருப்பிடித்த ஆணி.
ஓடிப்போய்த் துப்பிவிட்டுச் சிரித்தாள்,
காலையிலிருந்து முதல் தடவை.
அப்புறம் மட்டன் சுக்கா பொட்டலத்தைப் பிரித்தோம்.

இனிக்கப் போவதுபோல் வந்தது,
இனிக்கவில்லை.
வாய் நிறைய நின்றது,
விழுங்கி வெகுநேரம் கழித்துக் கைத்தது.
"கடைசில கசக்குதுடி."
பேரே அதுதானாம், பெரிய கசப்பு.
"அதுக்கா ஒன்பதாயிரம்?"
என்றவள் டம்ளரை மறுபடி நீட்டினாள்.

எட்டு ஐம்பதுக்குக் கடலூர் பஸ்.
கால்வாசி மிச்சம்.
லாட்ஜ் பையனிடம் கொடுத்துவிடலாம் என்றேன்.
அஞ்சலாட்சி போத்தலைக் கழுத்தோடு தூக்கி
கண்ணை மூடிக்கொண்டு,
மண்டியில் மூட்டை நிதானிப்பாளே, அப்படி நிதானித்தாள்.

"கண்ணாடி கழிச்சு இருநூறு கிராம்.
அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"