கட்டை

மைல் என்றால் ஆயிரம்.
எதில் ஆயிரம் என்பதை
வழியில் எங்கோ உதிர்த்துவிட்டு
வந்து சேர்ந்த சொல்.

செராஸ் மருத்துவமனையில் இணைகம்பியைப் பிடித்தபடி
நான் வியர்த்துக்கொண்டிருந்தபோது
இதைச் சொன்னவர் வின்சென்ட் கூய்.
நில அளவைத் துறையில் இருந்தவர்.
சர்க்கரை அவரிடமும் ஒரு பாதம் வாங்கியிருந்தது.

ரோமாபுரிச் சிப்பாய்கள்
எண்ணிக்கொண்டே நடந்தார்களாம்.
இடக்கால் மண்ணைத் தொட்டால் ஒன்று.
வலக்கால் வைப்பது கணக்கில் இல்லை.
மறுபடி இடக்கால், இரண்டு.
ஆயிரமானதும் ஒரு கல்.

எனக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.
"அப்போ ரோமில் நான்
குறையில்லாத ஆள்" என்றேன்.
கம்பி அதிரச் சிரித்தார்.

மலாயில் மைலுக்கும் கல்தான்: பத்து.
பத்து லீமா என்றால் ஐந்தாவது மைல்.
தமிழ்க் காதில் விழும்போது மட்டும்
பத்தா ஐந்தா என்று ஒரு நொடி தடுமாறும்.
நாங்கள் கல்லைப் பார்த்தே
கட்டை என்றோம்.
பழைய கிள்ளான் சாலையில் இருபத்திரண்டு வருஷம்
தோங் கேஸ் சுமந்தேன்.
கிலோமீட்டர் வந்து கற்களைப் பிடுங்கிப் போட்ட பிறகும்
ஆர்டர் வரும்:
"அஞ்சாங்கட்டை, மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை."

செபமாலைக்குக் கோபம் வந்தால்
"இந்தக் கட்டை வேகிற வரைக்கும்
உன்னோடுதான் என் பாடு" என்பாள்.
போன மாதம்
பொய்க்கால் பெட்டியைத் திறந்தவள்
அந்த வார்த்தையை வாய்வரை கொண்டுவந்து
விழுங்கினாள்.
நான் பார்க்காத மாதிரி
ரசீதைப் படித்தேன்.

இன்றைக்குத் தாதி ஹிடாயா
கம்பிக்கு வெளியே விட்டாள்.
தாழ்வாரம், தண்ணீர் இயந்திரம்,
எக்ஸ்ரே அறை, திரும்பவும் தாழ்வாரம்.
இடக்காலை மட்டும் எண்ணினேன், ரோமானியக் கணக்கு.
பிளாஸ்டிக் பாதம்
ஓசைப்படாமல் இடையிடையே வந்துபோனது,
சம்பளப் பட்டியலில் பெயரில்லாத
கூலியாள் மாதிரி.

முந்நூற்றுப் பன்னிரண்டில் உட்கார்ந்துவிட்டேன்.
"மூன்றில் ஒரு கட்டைகூடத் தேறவில்லை"
அங்கிருந்தே கத்தினார் கூய்.

மகள் வாங்கித் தந்த கைக்கடிகாரத்தைத் திருப்பினேன்.
அதற்கு ரோம் தெரியாது,
எனக்கு எத்தனை கால் என்பதும் தெரியாது.
அறுநூற்று இருபத்துநான்கு
என்றது.